முன்னறிந்த கடலும் கடவுளின் செயலும்

திருப்பூர் ராயபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் தைக்கப்பட்டு, செக்கிங்கும் அயர்னிங்கும் முடிந்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்படும் பின்னலாடைகளில் பெரும்பகுதி, தாராபுரம், மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சென்று, அங்கிருந்து கொழும்பில் கப்பல் மாறி, ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நோக்கிப் போகிறது. கடற்கரையே இல்லாத ஓர் ஊரின் கூலியும் கடனும் கடலைச் சார்ந்திருப்பது வணிகத்தில் புதிதன்று. நொய்யல் கரைக் கொடுமணலில் மணிகள் செய்யப்பட்ட காலத்திலேயே கொங்கு நாட்டுச் சரக்கு கடல் தாண்டியிருக்கிறது. தத்துவ நோக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கப்பல் நிறுவனம் சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குச் சான்றாகவும் அதை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்துக்கு ஆதாரமாகவும் தரும் ‘பில் ஆஃப் லேடிங்’ என்னும் பத்திரத்தை ஆளும் சட்டத்தில், அதாவது 1925ஆம் ஆண்டின் இந்தியக் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்திலும் அதன் இடத்தில் 2025இல் வந்த புதிய சட்டத்திலும், சரக்குக்கு நேரும் இழப்புக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டாத காரணங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் போர், வேலைநிறுத்தம், கடலின் இடர்கள் ஆகியவற்றோடு ‘கடவுளின் செயல்’ என்பதும் தனியொரு காரணமாக நிற்கிறது. புயல் எழப்போவது ஐந்து நாளுக்கு முன்பே கணினிக் கணக்கால் தெரிந்துவிட்ட நிலையில், அந்தப் புயலில் நனைந்து கெட்ட சரக்கை யாருடைய செயலின் கணக்கில் எழுதுவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

சட்டம் இச்சொல்லைப் பக்தியோடு கையாளவில்லை. 1876இல் இங்கிலாந்தில் தீர்ப்பான நியூஜென்ட் எதிர் ஸ்மித் வழக்கில், லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குக் கப்பலில் ஏற்றப்பட்ட ஒரு பெண்குதிரை, கடும் அலையாலும் தன் மிரட்சியாலும் அடிபட்டு இறந்துபோனது. மனிதரின் தலையீடு இன்றி இயற்கையால் நேர்ந்து, நியாயமான முன்யோசனையாலும் கவனத்தாலும் தடுக்க முடியாதிருந்தது எதுவோ அதுவே கடவுளின் செயல் என்று கொண்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் கப்பல்காரரை விடுவித்தது. இந்த வரையறை, மனிதரின் முன்யோசனை எங்கே முடிகிறதோ அங்கேதான் கடவுளின் எல்லையைத் தொடங்குகிறது. ஆகவே முன்யோசனை ஒரு முழம் வளர்ந்தால் கடவுளின் நிலம் ஒரு முழம் குறைந்தாக வேண்டும். இறையியலாளர் எவரும் ஒப்புக்கொள்ளாத இந்தக் கணக்கை, சட்டம் தன் வசதிக்காகச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அறிவியல் கடவுளை விரட்டிவிட்டது என்று மகிழ்பவர்களும், விரட்டுகிறதே என்று வருந்துபவர்களும் ஒரே வரையறையைத்தான் அறியாமல் நம்புகிறார்கள். முன்னறிதல் உண்மையில் எதைக் குறைக்கிறது என்று பார்க்க, அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

சோழமண்டலக் கரையில் கல்பாக்கத்திலும் கடலூரிலும் உயர் அலைவெண் ரேடார்கள் நிறுவப்பட்டுள்ளன. மழைத்துளிகளைக் காணும் வானிலை ரேடாரிலிருந்து இவை வேறானவை. இவை அனுப்பும் நீண்ட ரேடியோ அலைகள் உப்புநீரின் பரப்பை ஒட்டியே ஊர்ந்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வரை சென்று, கடலலைகளில் பட்டுத் திரும்புகின்றன. திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறுவது, தம் நீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடலலைகளில் பட்டால் மட்டுமே என்பதை 1955இல் கிராம்பி என்ற நியூசிலாந்து அறிவியலாளர் கண்டுகாட்டினார். இந்தக் கரையின் ரேடார்கள் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 68 மீட்டர் என்பதால், அவை 34 மீட்டர் நீளமுள்ள கடலலைகளையே தேர்ந்து பார்க்கின்றன. அந்த நீளமுள்ள அலை அசையாத ஆழ்கடலில் நொடிக்கு 7.3 மீட்டர் அளவில் ஓடும் என்பது கோட்பாட்டிலிருந்து முன்கூட்டியே தெரியும். ரேடார் அளக்கும் வேகம் இதைவிடக் கூடினாலோ குறைந்தாலோ, அந்த வேறுபாடு அலையைச் சுமந்து செல்லும் நீரோட்டத்தால் வந்தது. ஒரு ரேடாரால் நீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை மட்டுமே சொல்ல இயலும். இரண்டு ரேடார்களின் கணக்கைச் சேர்த்தால்தான் நீரோட்டம் எத்திசையில் போகிறது என்று தெரியும்.

இங்கே ஒரு கணம் நிற்பது தகும். ரேடார் கடலை ‘காண்கிறது’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; ஆனால் கோட்பாடு எதிர்பார்க்கும் கடலிலிருந்து இருக்கின்ற கடல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையே அது காண்கிறது. அசையாத கடலைப் பற்றிய கருத்து முன்னதாக இல்லையென்றால் அசையும் கடல் அதன் கண்ணில் படாது. அதாவது, அறிவின் வாயில்களை அளவை என்று பெயரிட்டு வகுத்த நம் தருக்க மரபு காட்சி என்றும் கருதல் என்றும் பிரித்து வைத்த இரண்டும், ரேடாரின் உலோகக் கம்பத்தின் உச்சியில் பிரிக்க முடியாமல் கலந்துவிடுகின்றன.

கருதல் என்பது கண்டதைக் கொண்டு காணாததை அறிவது. மணிமேகலையில் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’யில், வைதிக அளவைவாதி இதைப் பொது, எச்சம், முதல் என மூன்றாக்குகிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென அறிவது பொது. பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என அறிவது எச்சம். சூல்கொண்ட மேகத்தைக் கண்டு மழை பெய்யும் என்பது முதல். இந்த உரையாடல் நடக்கும் வஞ்சி, ஆய்வாளரில் ஒரு சாராரின் கருத்துப்படி, திருப்பூருக்குக் கிழக்கே உள்ள கரூர்தான். அந்தக் கருத்து நிலைத்தாலும் நிலைக்காவிட்டாலும், வானிலையை முன்னறிவது எப்படிப்பட்ட அறிவு என்ற கேள்வி தமிழில் இவ்வளவு பழையது என்பது மாறாது. வடமொழி நியாய மரபிலும் இதே மேகமும் இதே வெள்ளமும் எடுத்துக்காட்டுகளாக வருகின்றன. அங்கேயே எதிர்ப்பும் பதிவாகியிருக்கிறது: ஆற்றில் நீர் பெருகுவது கீழே அணை கட்டியதாலும் இருக்கலாம், முட்டைகளைச் சுமந்து எறும்புகள் ஓடுவது புற்றைக் கலைத்ததாலும் இருக்கலாம், மயிலின் குரல் மனிதர் எழுப்பியதாகவும் இருக்கலாம், ஆகவே கருதல் அளவையே ஆகாது என்பது அந்த எதிர்ப்பு. நியாய நூலார் தந்த மறுமொழி, தவறியது கருதல் அன்று, ஏதுவைச் சரியாகப் பார்க்காத கண்தான் என்பது. அணை கட்டியதால் ஏறும் நீர் மழைவெள்ளத்தைப் போல வேகமாகவும் நுரைத்தும் சருகு சுமந்தும் வராது. காட்சி ஒன்றே அளவை என்ற உலகாயதர் இந்த மறுமொழியால் அமைதியடையவில்லை. எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் தொடர்பை யார் கண்டு முடித்தார் என்று அவர்கள் கேட்டதற்கு இன்றுவரை முழு விடை கிடையாது.

இன்றைய எண்வழிக் கணிப்பு, அளவைவாதியின் ‘முதல்’ என்ற கருதலையே கோடிக்கணக்கான முறை அடுக்கிச் செய்வதாகும். ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று அலைக்குக் கொடுக்கும் ஆற்றல், அலைகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஆற்றல், நுரைத்து உடைந்து இழக்கும் ஆற்றல் ஆகியவற்றைக் கணக்கிட்டு, வரும் நாட்களின் அலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றைத் துறைமுகங்களுக்கும் கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் அறிவிக்கிறது. ரேடாரின் பார்வைக்கு அப்பாலிருப்பது இந்தக் கணக்கால்தான் எட்டுகிறது. தென்கடலில் 6000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு புயல் எழுப்பும் நீண்ட அலை, 18 நொடிக்கு ஒரு முகடு என்ற அளவில் வந்தால், அதன் ஆற்றல் நாளொன்றுக்கு 1200 கிலோமீட்டர் கடந்து ஐந்தாம் நாள் குமரிக்கரையை அடையும். அன்று உள்ளூரில் காற்றே இராது, வானம் வெளுத்திருக்கும், கடல் மட்டும் பொங்கும்.

துறைமுகத்துக்கு வரும் அறிவிப்பில் அலை உயரம் 3 மீட்டர் என்று இருந்தால், அது எந்தத் தனி அலையின் உயரமும் ஆகாது. உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி அது, அதே கடலில் 6 மீட்டர் உயரும் ஒற்றை அலையும் எழக்கூடும். துறைமுக வாயிலுக்கு வெளியே, பெரிய கப்பலை உள்ளே அழைத்துவரும் பைலட், ஆடும் சிறுபடகிலிருந்து கப்பலின் விலாவில் தொங்கும் கயிற்றேணியைப் பற்றி ஏறுகிறார். படகு முகட்டில் இருக்கும்போது கால் வைக்க வேண்டும், சற்றுத் தாழ்ந்துவிட்டால் அடுத்த முகடு அவரைப் படகுக்கும் கப்பலுக்கும் இடையே நசுக்கிவிடும். அவருக்கு முன்னால் எழுவது சராசரி அன்று, ஓர் அலை. கணிப்பு கூட்டத்தைப் பற்றியது, வாழ்வு ஒன்றைப் பற்றியது என்ற இந்த இடைவெளியைக் கணினியின் வேகம் எவ்வளவு கூடினாலும் அடைக்க முடியாது. வினைக்கொள்கையும் ஊழும் இறையருளும் பேசத் தொடங்குவது இந்த இடைவெளியிலிருந்துதான்.

ஊழைப் பற்றிய தமிழ்ச் சிந்தனையில் ஆசீவகர்கள் ஒரு முனையில் நின்றனர்; வருவது வந்தே தீரும், முயற்சி அதில் ஒரு துளியையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது என்பது அவர்கள் நிலை. 1814இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ், இக்கணத்தின் எல்லா விசைகளையும் எல்லா நிலைகளையும் அறிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலம் இறந்தகாலத்தைப் போலத் தெளிவாகும் என்று எழுதியபோது, ஆசீவகரின் நியதிக்கு அறியாமலே கணித உடை உடுத்தினார். அந்த உடை 1963இல் கிழிந்தது. அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ், மிக எளிய மூன்று சமன்பாடுகளில்கூடத் தொடக்கத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடு வளர்ந்து முழு விளைவையும் மாற்றிவிடுவதைக் காட்டினார். அதன் பிறகு, ஒரே கணக்கைச் சற்றே மாற்றிய தொடக்கங்களிலிருந்து பலமுறை ஓட்டி, விளைவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பதே முறையாயிற்று; ஐரோப்பிய வானிலை மையம் 1992 முதல் இதைச் செய்கிறது. ஐம்பது ஓட்டங்களில் முப்பத்தைந்து புயலைக் காட்டினால் வாய்ப்பு 70 விழுக்காடு என்பார்கள். இவ்வளவு உழைத்தும் கிடைப்பது ‘ஒருவகையில் உண்டு’ என்ற சமணரின் நிபந்தனைக் கூற்றைப் போன்ற ஒரு வாக்கியம்தான். நாளை கடற்போர் நடக்கும் என்ற கூற்று இன்று உண்மையா, பொய்யா, இரண்டும் இல்லையா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். வானிலை அறிவிப்பு அந்தக் கேள்வியிலிருந்து சாமர்த்தியமாக நழுவிவிடுகிறது. புயல் வந்தாலும் வராவிட்டாலும் 70 விழுக்காடு என்ற கூற்றை ஒரு நாளின் அனுபவத்தால் பொய்யென நிறுவ முடியாது.

அப்படியென்றால் அது வெறும் மழுப்பலா என்ற கேள்வி எழும். 1859இல் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்ஸ் கரையருகே புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகு, டார்வினின் பயணக் கப்பலுக்குத் தலைவராக இருந்தவரும் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கையாளருமான ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1861 முதல் துறைமுகங்களில் கூம்பும் உருளையும் ஏற்றிப் புயலை எச்சரித்தார். இவை தீர்க்கதரிசனங்கள் அல்ல என்று அவரே வற்புறுத்தியிருந்தும், தவறிய ஒவ்வொரு நாளும் கேலிக்குள்ளானார். 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு அறிஞர் குழு ஒன்று, உறுதியான அறிவியல் அடிப்படை இல்லை என்று கூறி எச்சரிக்கைகளை நிறுத்தச் செய்தது. உலகாயதர் சொல்லியிருக்கக்கூடிய காரணமே அது. ஆனால் கடலோடிகளின் வற்புறுத்தலால் எச்சரிக்கைகள் விரைவில் திரும்ப வந்தன. சில நேரம் தவறும் சொல்லைச் சில நேரம் தவறும் என்று தெரிந்தே கேட்கத் தங்களுக்குத் தெரியும் என்பதே அவர்கள் நிலைப்பாடு. அறிஞர்களைவிட மாலுமிகள் அளவையைப் பற்றி அதிகம் அறிந்திருந்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

எண்வழிக் கணிப்பின் முன்னோடியான லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சனும் சமயத்தின் பிள்ளைதான். போரை மறுக்கும் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர், முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டியபடி, 1910 மே 20ஆம் நாளின் ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்ற நடவாத விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் பெரிதாக மாறவே இல்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922இல் நூலாகவே வெளியிட்டார். தொடக்கத் தரவில் இருந்த ஒத்திசைவின்மையே பிழைக்குக் காரணம், முறை சரியானது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இதற்கிடையே, 1920இல் வானிலைத் துறை விமானப்படையை ஆளும் அமைச்சகத்தின் கீழ் சென்றபோது மனச்சான்றின் பேரில் அவர் வேலையை விட்டுவிட்டார். எதிர்காலத்தைக் கணக்கிட முயன்றவர், அந்தக் கணக்கு யார் கையில் சேரும் என்பதையும் தன் பொறுப்பாகவே கொண்டார்.

கணிப்பு யார் கையில் சேர்கிறது என்பது தமிழ்க் கரையில் கசப்பான கேள்வி. 2017 நவம்பர் 29இல் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக உருவான ஒக்கி, மறுநாளே குமரிமுனை அருகே புயலாக வலுத்தது. ஆழ்கடலுக்கு முன்பே சென்றுவிட்ட விசைப்படகுகளுக்குச் சொல் எட்டவில்லை. குமரி, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். கரையிலிருந்து தொலைவில் உள்ள படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் ‘ஜெமினி’ கருவி 2019இல் வந்தது. 2024 மே மாதம், குமரி மாவட்டக் கணபதிபுரம் கடற்கரையில், தொலைதூர அலைகள் பற்றிய எச்சரிக்கை வெளியாகியிருந்த நாட்களிலேயே பயிற்சி மருத்துவர்கள் ஐவர் அலையில் மூழ்கி இறந்தார்கள். கணிப்பு இருந்தது, அது அறிவாகவில்லை. சென்னை ராயபுரத்தின் காசிமேட்டு மீனவருக்கு அறிவிப்பு உயிரைப் பற்றியது, அதைப் பணிந்து கரையில் இருந்தால் அன்றைய வருமானம் போகும். திருப்பூர் ராயபுரத்து ஏற்றுமதியாளருக்கு அது வாங்குபவர் குறித்த தேதியைப் பற்றியது, தவறினால் தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். ஒரே சொல் இருவரிடமும் சமமான தியாகத்தைக் கேட்பதில்லை. ‘கடவுளின் செயல்’ என்று சட்டம் மன்னிப்பதற்கு முன், முன்யோசனை யாருக்கு எட்டும் தூரத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. குறைவது கடவுளின் நிலம் என்பதைவிட மனிதரின் சாக்கு என்பதே பொருந்தும்.

நேர்ச்சை இதற்குள் எங்கே வருகிறது? புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் கரைசேர்ந்தால் கோயில் கட்டுவதாக நேர்ந்தார்கள் என்பது வேளாங்கண்ணி மரபு. நாகூர் தர்காவுக்கும் தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கும் கடலோடிகளின் வேண்டுதல்கள் உண்டு. கன்டெய்னர் லாரி புறப்படும் முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதும் அதே மொழிதான். வேண்டுதல் செய்திக்காகக் காத்திருப்பதில்லை. எத்தனை விழுக்காடு என்றும் அது கேட்பதில்லை. ஆகவே கணிப்போடு அதற்குப் போட்டி இல்லை என்று சொல்வது எளிது, ஆனால் அது முழு உண்மை அன்று. முன்பு புயலின் நடுவே பிறந்த நேர்ச்சை, இப்போது புறப்படுவதா வேண்டாமா என்ற முடிவுக்கு முன்னால் நகர்ந்திருக்கிறது. எச்சரிக்கையை அறிந்தும் புறப்பட்டவரின் வேண்டுதல், அறியாமல் சிக்கியவரின் வேண்டுதலோடு ஒத்ததாகுமா என்பது சமயங்கள் இன்னும் நேராக எதிர்கொள்ளாத கேள்வி.

மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் சென்ற கலம் உடைந்தது. தப்பி வந்த வணிகர்கள், அவனைக் காணாததால் அவனும் இறந்தான் என்று அவளிடம் சொன்னார்கள். அவள் தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை, அவன் நாகர் வாழும் மலைப்பக்கத்தில் உயிரோடு இருக்கிறான் என்று அசரீரி சொன்னது. நேர்மையான மனிதர்களின் சாட்சியமும் தவறான கருதலாகலாம் என்பதைக் காப்பியம் அறிந்திருக்கிறது; அதைத் திருத்த வானத்திலிருந்து ஒரு குரல் அதற்குத் தேவைப்பட்டது. இன்று அந்த இடத்தில் இன்காய்ஸ் 2016இல் அறிமுகப்படுத்திய ‘சராட்’ என்ற தேடல் கருவி இருக்கிறது. கடைசியாகத் தெரிந்த இடமும் நேரமும், தேடப்படுவது ஆளா, படகா, மிதவையா என்ற விவரமும் கிடைத்தால், நீரோட்டக் கணிப்பையும் காற்றையும் கொண்டு, நூற்றுக்கணக்கான கற்பனை மிதவைகளைக் கணினிக்குள் மிதக்கவிட்டு, அவை அடர்ந்து சேரும் பகுதியைத் தேடும் கப்பலுக்குக் காட்டுகிறது. நீர்வழிப்படும் புணையைப் போல உயிர் முறைவழிப் போகிறது என்ற புறநானூற்றுச் சிந்தனையில், புணையின் ஓட்டத்தை அறிவது மனத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. இங்கே அதே ஓட்டத்தை அறிவது, ஓட்டத்தின் முடிவை மாற்றுவதற்காக. நியதி முழுமையாக இருந்தால் மீட்புக்கு இடமில்லை. நியதி சிறிதும் இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்றே தெரியாது. ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வைத்த திருக்குறள் இவ்விரண்டையும் சமரசம் செய்து வைக்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. கடலில் தேடுபவர்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன.

ஃபிட்ஸ்ராயின் கூம்பும் உருளையும் இந்தியத் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்ற பெயரில் இன்றும் ஏறுகின்றன. ஒன்றாம் எண் தொலைவில் உருவான தாழ்வைக் குறிக்கும். பத்தாம் எண் பேரபாயம். பதினோராம் எண் என்று ஒன்றும் உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். ரேடாரும் கணினியும் ஹைதராபாத்தும் இல்லாத அந்த நேரத்துக்கும் விதி எழுதியவர்கள் ஓர் எண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள். பெரியோர் சொல்லாகிய ஆகம அளவை நின்றுபோன இடத்தில், வானத்தைப் பார்த்த ஒரு மனிதரின் காட்சியும் கருதலும் அதன் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கப்பல்கள் அதற்கும் கட்டுப்படுகின்றன, அந்தக் கூண்டை ஏற்றியதற்கும் ஏற்றாமல் விட்டதற்கும் அவரே விடை சொல்ல வேண்டும்.